என் பெயருக்கு முன்னால் ஒட்டிய சொல்

நம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நான் போட்ட செய்திக்கு உங்களில் பதினோரு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தீர்கள். ஒருவர் "பாம்பு இன்னும் சீறுதா?" என்று எழுதியிருந்தார். யார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். நமக்கெல்லாம் அறுபது நெருங்குகிறது. பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. ஐம்பது வருடம் ஆகப் போகிறது, இன்னும் எனக்கு அந்தப் பெயர்தான். அதனால் சீறுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

நான் போட்ட செய்தி இவ்வளவுதான். என் தம்பி மகன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். அவன் போனில் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னான். அவன் ஆபீசில் வால்ஷ் என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் இருக்கிறார். அந்த ஊரில் பாதிப் பேர் வால்ஷ்தானாம். அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்தில் 'வெளியாள்' என்று அர்த்தமாம். எப்போதோ கடல் தாண்டி வந்து குடியேறியவர்களை ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட, அதுவே பேரன் பேத்திகளுக்குப் பெயராகிவிட்டது. பக்கத்து மேசையில் ஹங்கேரி நாட்டுப் பெண் ஒருத்தி, நேமெத் என்று பெயர். அதற்கு 'ஜெர்மன்காரன்' என்று அர்த்தமாம். அதற்கும் அடியில் தோண்டினால் 'ஊமை' என்று வருகிறதாம். நம் மொழி பேசத் தெரியாதவன் ஊமை, அவ்வளவுதான் கணக்கு.

"நம்ம பேரும் அதே மாதிரிதானாம் அத்தை. நான் நெட்ல பாத்தேன். சூப்பர் இல்ல?" என்றான்.

அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'அரவ' என்று இருக்கிறது. என் சான்றிதழ்களிலும் அதுதான். தெலுங்கில் தமிழர்களுக்கு 'அரவ' என்று பெயர். தமிழ்நாட்டுக்குள், தமிழ்க்காரக் குடும்பத்துக்கு, தமிழன் என்று தெலுங்கில் ஒரு குடும்பப் பெயர். அவனுக்கு அது சூப்பர். உங்களுக்கு அது சிரிக்கிற பொம்மை. அது எப்படி வந்தது என்று உங்களில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லைதான். நீங்களெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள்.

என் அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். அப்போதுதான் ஓசூரில் தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்தது. கடைசல் மெஷினில் வேலை, தினக்கூலி. ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் சூளகிரி போகிற வழியில் உங்கள் ஊரில் ஒரு அறை பிடித்தார். வீட்டுக்காரர் தெலுங்கு பேசுகிற விவசாயி. ராகியும் கொள்ளும் போட்டவர், அப்புறம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார். அவர் நிலத்தில் ஒரு பகுதி தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. எங்கள் அறையும் புழுக் கொட்டகையும் ஒரே சுவர். புழுக்கள் இலை தின்னும்போது தூறல் போடுகிற மாதிரி சத்தம் கேட்கும். முதல் தடவை அம்மா வெளியே ஓடிப் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்துவந்தாள். வானம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர் மனைவி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். தம்பிக்கு மாந்தம் வந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் கஷாயம் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அம்மாவுக்கு ராகிக் களி கிண்டக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். நாங்கள் சாமானோடு வந்து இறங்கிய அன்று அவர் வீட்டுக்குள் திரும்பி "அரவோள்ளு ஒச்சினாரு" என்றார். தமிழ்க்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வேறு எப்படிச் சொல்வார்? எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அம்மா 'அரவாமே' ஆனாள். நாங்கள் இருந்த அறை 'அரவோள்ள இல்லு' ஆனது. மளிகைக் கடையில், ரேஷனில், மாவு மில்லில் எல்லா இடத்திலும் அதுதான். நான் தண்ணீர் எடுக்கப் போனால் 'அரவப் பொண்ணு'.

எங்கள் வீட்டுக்குள் அப்பா வீட்டுக்காரரை என்ன சொன்னார் என்றும் எழுதுகிறேன். 'வடுகன்' என்பார். "வடுகன் வாடகை கேட்டு வந்துட்டுப் போனானா?" என்பார். அந்தக் குடும்பம் அந்த மண்ணில் எத்தனை தலைமுறையோ. நாங்கள் அப்போது வந்து எட்டு மாதம்தான். வந்து எட்டு மாதமான ஆள், அங்கேயே பிறந்து வளர்ந்தவரை, வடக்கேயிருந்து வந்தவன் என்கிறார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் அப்பா மேலும் எரிச்சல் வருகிறது.

வீட்டுக்காரர் மகள் என் வகுப்பு. எங்கள் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். அவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். சிரிக்கிற பொம்மை போடாதவர்களில் அவளும் ஒருத்தி. வெளியாட்களைப் புழுக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள், நோய் வந்துவிடும் என்பார்கள். என்னை மட்டும் அவள் கை கால் கழுவச் சொல்லிக் கூட்டிப்போவாள். உள்ளே அவித்த இலை மாதிரி ஒரு வாடை. மூங்கில் தட்டுகளில் வெள்ளைப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடும். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் விடுவாள். குளிர்ந்த வெண்டைக்காய் ஊர்கிற மாதிரி இருக்கும். அந்த மூங்கில் தட்டுகள் இப்போது எங்கும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் லாரி எடை போடுகிறார்கள்.

பாம்புக் கதை எப்படி வந்தது என்று உங்களுக்கு மறந்திருக்கும். தமிழ்ப் பாடத்தில் ஒரு செய்யுள். அதில் 'அரவம்' என்ற சொல். டீச்சர் கரும்பலகையில் 'அரவம் என்றால் பாம்பு' என்று எழுதினார். கடைசி பெஞ்சில் ஒருவன் என் பக்கம் திரும்பி 'ஸ்ஸ்' என்றான். அடுத்த நிமிஷம் வகுப்பே 'ஸ்ஸ்' என்றது. டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் காலைத் தூக்கிக்கொள்வாள். பால் ஊற்றுகிறேன் என்று என் தலையில் தண்ணீர் ஊற்றினீர்கள். விளையாட்டு என்பீர்கள். சரி, விளையாட்டுதான். யாரும் அதில் என்னைக் கேட்டுச் சேர்க்கவில்லை.

இதெல்லாம் வாய் வார்த்தையாக இருந்தவரை அம்மா பொறுத்துக்கொண்டாள். ஐந்தாவது முடிந்து ஓசூர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர மாற்றுச் சான்றிதழ் வாங்கிவந்தேன். அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். என் பெயருக்கு முன்னால் கருநீல மையில், அழகான கையெழுத்தில், 'அரவ' என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர் எழுத்து. அவர் கையெழுத்தை நீங்கள் இன்றும் புகழ்கிறீர்கள். முத்து முத்தாக இருக்கும் என்கிறீர்கள். ஆமாம், முத்து முத்தாகத்தான் எழுதியிருந்தார்.

அப்பா மறுநாள் ஷிப்ட் முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அம்மா கேட்டதற்கு, ஒரு சொல்லுதானே, இதுக்குப் போய் வம்பு வேண்டாம், வாடகைக்கு இருக்கிற இடம் என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நிலம் கொடுத்தவர்கள் சொன்னால் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகும் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. வீட்டுக்காரரிடம் அப்பா அதற்காகச் சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்காரர் பள்ளிக்கூடக் கமிட்டியில் பெரிய ஆள். தலைமையாசிரியரோடு மோதினால் வீட்டுக்காரரோடு மோதின மாதிரி. மகள் பெயரா, வேலையா என்று கணக்குப் போட்டு அப்பா வேலையை எடுத்துக்கொண்டார். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஏனென்றால் கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வீட்டுக்காரர் கம்பெனியில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுவதாக ஒத்துக்கொள்ளவும் இல்லையாம். 'பாக்கலாம்' என்றிருக்கிறார். அந்த ஒற்றைச் சொல்லை அப்பா சத்தியமாக எடுத்துக்கொண்டார். கம்பெனி தன் பட்டியலைத் தானே போட்டு, வேலை பார்த்த வருடக் கணக்கில் அவரை நிரந்தரம் ஆக்கியது.

அப்பா படுத்துவிட்டதால் அம்மா கிளம்பினாள். தம்பியை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்குப் போக விருப்பமில்லை. அம்மா பேசுகிற தெற்கத்திப் பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் 'வந்தாக, போனாக' என்றால் கடைக்காரரே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்திலும் அப்படி ஆகிவிடுமே என்று பயந்துகொண்டே போனேன்.

தலைமையாசிரியர் அறையில் பெரிய பதிவேடு திறந்திருந்தது. ஓரம் முழுக்கத் துணி ஒட்டிய, கை நீளமுள்ள நோட்டு. அதன் மேல் தண்ணீர் டம்ளர் வைத்து வைத்து வட்ட வட்டமாகக் கறை. அவர் அம்மாவை உட்காரச் சொல்லவில்லை.

அவரும் தமிழர்தான், நினைவு வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிப் பக்கம். வீட்டில் தமிழ்தான் பேசினார். எங்களை 'அரவ' என்று எழுதியது தெலுங்குக்காரர் இல்லை.

அவர் பொறுமையாகவே விளக்கினார். ஒரே பெயரில் இரண்டு பெண்கள், ஒரே இனிஷியல், இரண்டு பேரும் ஒரே பெரிய பள்ளிக்குப் போகிறார்கள், மார்க் மாறிப் போய்விடும் என்றார். தெலுங்குக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கு அதை எழுதிவிட்டேன் என்றார்.

"உங்களுக்கு வீட்டுப் பேர் இன்னா இருக்குதும்மா? ஒண்ணும் இல்ல. ஊர்ல எப்படிக் கூப்புடறாங்களோ அத எழுதினேன். நானா வெச்சேன்?"

"ஊரு கூப்பிட்டா நீங்க எழுதிருவீகளா சார்?" என்றாள் அம்மா. "அவளுக்கு அவுக அப்பா பேரு இருக்கு. எங்க ஊரு பேரு இருக்கு. எங்களைக் கேட்டீகளா?"

பக்கத்தில் இருந்த டீச்சர் ஒருவர், 'கேட்டீகளா' என்று மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தலைமையாசிரியர் பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது, மேலே பதில் சொல்ல வேண்டும், பிறப்புச் சான்று இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். நான் வீட்டில் பிறந்தவள். எந்தச் சான்றும் கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும், சேர்க்கும்போது வயதைப் போட்டவரே அவர்தான். அம்மா நகரவில்லை. அந்தச் சொல்லை அடிக்கவைத்துவிட்டுத்தான் போவேன் என்கிற மாதிரி நின்றாள். அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"பொண்ணையே கேட்டுடலாம். நீ சொல்லும்மா. இங்க உன்னை எப்படிக் கூப்புடறாங்க?"

நான் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பேசாமல் நின்றிருந்தால்கூடப் போதும். எனக்கு அந்த அறையிலிருந்து வெளியே போக வேண்டும், அந்த டீச்சர் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. 'அரவ' சேர்த்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"ஆச்சா?" என்று சொல்லி அவர் நோட்டை மூடினார்.

அம்மா முன்னால் நடந்தாள். ஏரிக்கரை தாண்டியதும் "நீயும் சொல்லிட்டயே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அது முடிந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளையை, அதைப் பெற்றவளுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்த மனிதரை நீங்கள் 'நம் சார்' என்கிறீர்கள். மேடை போட்டு அவர் படத்தைத் திறக்க வேண்டும் என்று இந்தக் குழுவில் பேசுகிறீர்கள். திறந்துகொள்ளுங்கள். நான் வரமாட்டேன்.

இதில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டால் எனக்கு ரத்தக் கொதிப்புதான் ஏறும். உங்களில் ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் அங்கே போயிருந்தேன். மேசையில் வருகைப் பதிவு நோட்டு கிடந்தது. 'பீகார் 1, பீகார் 2, பீகார் 3, ஒடிசா பெரியவன், ஒடிசா சின்னவன்' என்று எழுதியிருந்தது. இவர்களுக்குப் பெயர் இல்லையா என்று கேட்டேன். "வாயில நுழைய மாட்டேங்குது, மாசத்துக்கு ஒருத்தன் மாறறான்" என்றார். காபி வாங்கிக் கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். அதில் ஒருவன் இங்கேயே தங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை நம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் எந்தப் பெயர் ஏறும் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் அப்படியே பெரிய பள்ளிக்குப் போனது. பின்னால் தம்பியைச் சேர்க்கும்போது அங்கே கிளார்க் என் சான்றிதழைப் பார்த்து அவனுக்கும் அதையே எழுதினார், ஒரே குடும்பம் அல்லவா என்று. பிறகு பத்தாம் வகுப்பு, அப்புறம் தபால் ஆபீஸ் வேலை. முப்பது வருடம் மற்றவர்கள் பெயரைப் படித்துப் பிழைத்தேன். அரவ என்றால் எந்தச் சாதி என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு மேலதிகாரி, நீங்கள் ஆந்திராவா என்றார். தெலுங்கு தெரிந்த ஒரு பண்டிதர், 'அ-ரவம்' என்றால் சத்தமில்லாதது, அந்தப் பக்கத்துக்காரர்கள் காதுக்குத் தமிழ் அப்படி இருந்திருக்கிறது என்று விளக்கினார். இன்னொருவர், அதெல்லாம் இல்லை, பழைய காலத்தில் அருவா நாடு என்று வட எல்லையில் ஒரு நாடு இருந்தது, அந்த ஜனத்தின் பெயர்தான் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது என்றார். எது சரியோ. பாம்பும் ஆனேன், ஊமையும் ஆனேன், இல்லாத நாட்டுக்காரியும் ஆனேன். கெஜட்டில் போட்டு மாற்றலாம் என்று தம்பி ஒரு தடவை சொன்னான். அதற்குள் அவன் மகன் பெயரில் அது ஏறி, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

அந்தக் கோடைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா வழக்கம்போல "அரவாமே" என்று கூப்பிட்டார். மல்பெரி இலை பறிக்கக் கூட வரச்சொல்லி. அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். காது கேட்கவில்லையோ என்று பக்கத்தில் வந்து கூப்பிட்டார். அம்மா சாம்பல் கையோடு எழுந்து நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தன் வீட்டுக்காரரிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. ஒன்றரை வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறார்கள். அம்மா தானாகச் சொல்லவும் இல்லை. கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அவர்கள் கேட்கவில்லை. நான் என்ன திட்டினேனா, எதற்கு இவ்வளவு வீம்பு என்று அந்த அம்மா அழுதார். அந்த அழுகையும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்தச் சொல்லுக்குத் திரும்பவே இல்லை. கடையில் அப்படிக் கூப்பிட்டால் சாமான் வாங்காமல் வந்துவிடுவாள். கிணற்றடியில் கூப்பிட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நடப்பாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். கொட்டகைக்குள் இனி வர வேண்டாம் என்று என்னிடம் சொல்ல வீட்டுக்காரர் தன் மகளையே அனுப்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டு ஓடினாள். ஆனிக் கடைசியில் அறை வேண்டும், காலி பண்ணுங்கள் என்றார் வீட்டுக்காரர். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். நாங்கள் ஆடி இரண்டாம் நாள், கம்பெனி லாரியில், நனைந்துகொண்டு மாறினோம்.

ஓசூரில் ஆறு கதவு உள்ள வரிசை வீடு. ஷீட் கூரை, பொதுக் குழாய். எல்லாரும் கம்பெனிக் குடும்பங்கள், சேலம், திருநெல்வேலி, மதுரை. தமிழ் தவிர வேறு சத்தமே இல்லை. அம்மா முகத்தில் அன்று ஒரு தெளிவு இருந்தது. குழாயடியில் பெண்கள் சுற்றி நின்றார்கள். அடுத்த வீட்டுச் சேலத்து அம்மா, சாத்தூர்ப் பக்கமுங்களா, உங்க பேர் என்னங்க என்று கேட்டார். அம்மா குடத்தைக் கீழே வைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தன் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தும் விளங்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அம்மா வாயால் அவள் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அழகான பேருங்க" என்றார் அந்த அம்மா.

மறுநாள் விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தது. வாசலில் நின்று அதே சேலத்து அம்மா சத்தமாகக் கூப்பிட்டார். "சாத்தூர்க்காரம்மா, தண்ணி வந்துடுச்சு, வாங்க."

அம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் அம்மா திரும்பவில்லை. ஊதாங்குழலை எடுத்து நெருப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.